பூரண ஆரோக்கியத்துடன் ஒரு செத்த மான்

என் வாழ்நாளில் நான் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, ஒரே ஒரு உடல்நலச் சான்றிதழ் கொடுத்திருக்கிறேன். அது ஒரு செத்த மானுக்கு. முழு மானுக்குக்கூட இல்லை, ஒரு பின்னங்காலும் கொஞ்சம் விலாவும் மட்டும்தான் அன்றைக்கு என் பரிசோதனைக்கு வந்திருந்தன. இத்தனை வருஷமாக இதை நான் மறைத்து வைத்திருந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். நான் சொல்லவில்லையே தவிர, என் வீட்டில் இருப்பவர்கள் காய்கறிக்காரரிலிருந்து சம்பந்தி வரைக்கும் எல்லாரிடமும் சொல்லியாயிற்று. மிச்சம் இருப்பது நீங்கள்தான்.

அறுபதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்து நான்கு வயது. காஞ்சிபுரத்தின் ஓரத்தில் இருந்த ஒரு சின்ன மாட்டாஸ்பத்திரியில் உதவியாளர் வேலை. டாக்டர் ஊசி போடும்போது மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொள்வது, மருந்து கலக்குவது, ரிஜிஸ்தரில் எழுதுவது, இவ்வளவுதான் என் வைத்தியம். அதற்காக சில மாதப் பயிற்சி ஒன்றும் முடித்திருந்தேன். அந்தப் பயிற்சியில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது எருமை எந்தப் பக்கம் உதைக்கும் என்பது மட்டும். (இரண்டு பக்கமும் உதைக்கும்.) ஆனாலும் காக்கிப் பையில் ஒரு பழைய ஸ்டெதஸ்கோப்பைப் போட்டு, அதன் குழாய் வெளியே தெரியும்படி தொங்கவிட்டுக்கொண்டு சைக்கிளில் போவேன். எதிரில் வருகிறவர்கள் "வணக்கம் டாக்டரே" என்பார்கள். "இல்லைங்க, நான் வெறும் உதவியாளர்" என்று சொல்லத்தான் வாயைத் திறப்பேன். வாய் திறக்கும், வார்த்தை வராது.

இந்த டாக்டர் பட்டத்தை நம்பித்தான் பிள்ளையார்பாளையத்தில் எனக்குப் பெண் கொடுக்கச் சம்மதித்திருந்தார்கள். பெண்ணின் பெயர் மரகதம். அவளுடைய அப்பா ஏகாம்பரம் பட்டுத்தறி நெய்கிறவர், அதிகம் பேசாத மனிதர். நிச்சயம் முடிந்துவிட்டது. கல்யாணத்துக்கு ஒன்றரை மாதம் இருந்தது. நான் பெண்ணை இரண்டே தடவைதான் பார்த்திருந்தேன். இரண்டு தடவையும் அவள் தலை குனிந்தே இருந்ததால், அவளுடைய வகிடு எனக்கு நன்றாக அறிமுகமாகியிருந்தது. முகம் இன்னும் பாக்கி.

அந்த வருஷம் பாலாற்றுப் பக்கத்துக் கிராமங்களில் மாடுகளுக்கு ஒரு நோய் வந்தது. காலையில் மேயப் போன மாடு மத்தியானம் விழுந்து கிடக்கும். காட்டை ஒட்டிய ஏரிக்கரைகளில் மான்களும் அதேபோல விழுந்து கிடப்பதாகச் செய்தி வந்தது. எங்கள் டாக்டர் கிராமம் கிராமமாகத் தடுப்பூசி போடக் கிளம்பினார். கிளம்பும்போது ஓர் அறிவிப்பை எழுதி என்னிடம் கொடுத்து, "இதை இருபது காப்பி எடுத்து ஊரெல்லாம் ஒட்டுப்பா. என்ன எழுதறோம்னு படிச்சு எழுது" என்றார்.

எழுதினேன். என் கையெழுத்தைப் பற்றி நானே சொல்லக்கூடாது, ஆனால் வேறு யாரும் சொல்ல இங்கே இல்லை. முத்துமுத்தாக இருக்கும். தலைப்புக்குச் சிவப்பு மை, அடிக்கோடு, நான்கு மூலையிலும் சின்னச் சின்னப் பூ. பூ எதற்கு என்று கேட்காதீர்கள், மாட்டு நோய்க்கும் பூவுக்கும் சம்பந்தம் கிடையாது. எழுத்து வரிசை கோணாமல் வருகிறதா என்பதில்தான் என் புத்தி முழுக்க இருந்தது. இருபதாவது பிரதியை முடித்த கையோடு யாராவது வந்து "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பேன். அந்த இருபதில் ஏழு பிரதிகளை மரகதம் வீட்டுத் தெருவிலேயே ஒட்டினேன். அந்தத் தெருவில் மொத்தம் இருந்த மாடு ஒன்று.

நான்கு நாள் கழித்து, ஏகாம்பரத்தின் பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

"மாப்ள டாக்டரை கையோட கூட்டிக்கினு வரச் சொன்னாரு. மான் கறி வந்துகீது. துன்னலாமா வாணாமான்னு நீங்க வந்து பாத்து சொல்லணுமாம்."

எனக்குக் காலே தரையில் பாவவில்லை. மரகதத்தைப் பார்க்க ஏதாவது சாக்கு கிடைக்காதா என்று கிடந்தவனுக்கு மான் ரூபத்தில் வந்திருக்கிறது வாய்ப்பு. கையில் கிடைத்ததையெல்லாம் பையில் அள்ளிப் போட்டேன். ஸ்டெதஸ்கோப், மாட்டுத் தெர்மாமீட்டர், ஆஸ்பத்திரி முத்திரை, ஊதா மைப் பெட்டி. நிச்சயதார்த்தத்துக்குத் தைத்த வெள்ளைப் பேண்ட்டையும் மாட்டிக்கொண்டேன்.

ஏன் அன்றைக்கு மான் கறி என்று சொல்ல வேண்டும். கல்யாணப் புடவையை ஏகாம்பரம் தன் தறியிலேயே நெய்தார். முகூர்த்தப் புடவை தறியில் இருக்கும் வரைக்கும் அந்த வீட்டில் கவுச்சி சமைப்பதில்லை என்று ஒரு வழக்கம். மீன் கிடையாது, கருவாட்டு வாசனைகூடக் கிடையாது. அன்று காலையில்தான் நெய்து முடித்த புடவையைத் தறியிலிருந்து அறுத்து இறக்கியிருந்தார்கள். அதே காலையில், அடுத்த புடவைக்கான பாவை, அதாவது தறியில் ஓடும் நீள இழைகளை, தெருவில் நீட்டிக் கஞ்சி போட எட்டுப் பேர் உதவிக்கு வந்திருந்தார்கள். பல நாள் காய்ந்த நாக்கு, எட்டு விருந்தாளி, இந்த நேரம் பார்த்து மரகதத்தின் தாய்மாமன் சின்னசாமி வாலாஜாபாத் பக்கத்துக் கிராமத்திலிருந்து கோணிப்பையோடு வந்து இறங்கிவிட்டார். அவர் விவசாயி. துப்பாக்கி லைசென்ஸ் உள்ளவர். (அப்போதெல்லாம் மானைச் சுட்டால் இன்றைக்குப் போல ஜெயில் பயம் கிடையாது, பெருமைதான்.) தன் மீசையைவிடத் துப்பாக்கியைப் பற்றித்தான் அவர் அதிகம் பேசுவார்.

நான் உள்ளே போனபோது முதலில் கண்ணில் பட்டவள் மரகதம். தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பழைய பாவின் மிச்ச இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்கிக்கொண்டிருந்தாள். ஆயிரக்கணக்கான இழைகள். ஒன்று விட்டுப்போனாலும் புடவை நெடுக ஒரு கோடு விழுந்துவிடும். அவள் விரல் ஓடுகிற வேகத்தைப் பார்த்து நான் வாசற்படியைக் கவனிக்காமல் தடுக்கிக்கொண்டேன்.

"வாங்க மாப்ள" என்றார் ஏகாம்பரம். "மச்சான் ஆசையா எடுத்துக்கினு வந்துட்டாரு. ஊரெல்லாம் மானுக்கு நோவுன்றாங்க. எனக்கு மனசு ஒப்பல. நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா போதும்."

"டாக்டர் வரட்டும், நான் உதவியாளர்தான்." இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. அப்போது மரகதம் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். முகம்! முழு முகம்! அதோடு என் அறிவு என்னிடம் விடைபெற்றுக்கொண்டு கிளம்பிப் போய்விட்டது.

சட்டைக் கையை மடித்துக்கொண்டு, முழங்காலிட்டு, மானின் தொடையில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். எட்டுப் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"சத்தமே இல்ல. ரொம்ப சுத்தமா இருக்குது" என்றேன்.

"ஆங்!" என்றார் சின்னசாமி மாமா, பெருமையாக.

அடுத்தது தெர்மாமீட்டர். மாட்டுக்கு அதை எங்கே வைப்பார்கள் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். இங்கே அந்தப் பாகம் வரவில்லை. ஆகவே தொடைச் சதையில் கத்தி பட்டிருந்த ஓர் இடத்தில் செருகினேன். இரண்டு நிமிஷம் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, "ஜுரம் கிடையாது" என்று அறிவித்தேன். தறிப் பக்கத்திலிருந்து 'க்ளுக்' என்று ஒரு சத்தம் வந்தது. பாவம், பிரமித்துப் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். சனி யாரை விட்டது? ஒரு தாளை எடுத்து, என் முத்துமுத்தான கையெழுத்தில் எழுதினேன்: "மேற்படி மானைப் பரிசோதித்தேன். மேற்படி மான் பூரண ஆரோக்கியத்துடன் இருக்கிறது." கீழே கையெழுத்து, அதன்மேல் ஊதா முத்திரை. ஏகாம்பரம் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அடுப்பு மூண்டது. மரகதத்தின் அம்மா மசாலாவை அரைத்து வழித்தார். மிளகும் சோம்பும் பட்டையும் சேர்ந்து தெருமுனை வரைக்கும் வாசனை. பதம் பார்ப்பதற்கென்று நாலைந்து துண்டுகளை முதலில் வாணலியில் போட்டு வதக்கினார்கள். அந்த நேரத்தில்தான் தறிப் பக்கத்திலிருந்து, இழையை முறுக்குவதை நிறுத்தாமலே, மரகதம் கேட்டாள்.

"மாமா, அது ஓடுச்சா, படுத்துக்கினு இருந்துச்சா?"

சின்னசாமி மாமா சிரித்தார். "இன்னாம்மா கேள்வி இது? மான்னா ஓடாம இன்னா பண்ணும்?"

"ஓடச்சொல்லதான் சுட்டியா?"

"ஆமா."

"குண்டு எங்க பட்டுது?"

"தலையில."

"தலை எங்க?"

"அத்த ஊர்லயே வுட்டுட்டேன்" என்றார் மாமா. அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

இந்த இடத்தில் நான் புகுந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. "தலையில குண்டு பட்டா கால்ல எப்படித் தெரியும்? இதெல்லாம் விஞ்ஞானம். பரிசோதனை பண்ணியாச்சு. இழை முறுக்கறவங்களுக்கு இது புரியாது" என்றேன்.

எட்டுப் பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வீட்டில் மாமாவை விட்டால் இழை முறுக்காத ஆள் நான் ஒருவன்தான் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

மரகதம் விரலை நிறுத்தினாள். கோபப்படவில்லை. என்னிடம் பேசவும் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் என்னோடு நேரே பேசுவது வழக்கமில்லை அல்லவா? அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

"நைனா, நம்ம செவுத்துல ஒட்டியிருந்த நோட்டீஸ் ஞாபகம் இருக்குதா? தானாக விழுந்து செத்த எந்தப் பிராணியையும், நோயுற்றுப் படுத்துவிட்ட எந்தப் பிராணியையும், அறுக்கவோ, தோலுரிக்கவோ, உண்ணவோ கூடாது. மான்களுக்கும் இது பொருந்தும். சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் கால்நடை மருத்துவரை அணுகவும்."

ஒரு எழுத்துப் பிசகவில்லை. பார்க்காமல் சொன்னாள்.

"அணுகினோமேம்மா!" என்றார் ஏகாம்பரம் பரிதாபமாக, என்னைக் காட்டி.

"அந்த நோட்டீஸ எழுதினது யாருன்னு அவரையே கேளு நைனா."

பட்டு நூல் வைத்திருந்த பெட்டியைத் திறந்து, மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினாள். சுவரிலிருந்து கிழியாமல் உரித்து எடுத்திருந்தாள். சிவப்புத் தலைப்பு, அடிக்கோடு, நாலு மூலையிலும் நாலு பூ. ஏகாம்பரம் அதை ஒரு கையிலும் என் சான்றிதழை மறு கையிலும் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பார்த்தார். இரண்டும் ஒரே கை எழுதியது என்று கண் தெரியாதவர்கூடச் சொல்லிவிடுவார்.

"நீங்க எழுதினதுதானா மாப்ள?"

"எழுதினது நான்தான்" என்றேன். "படிக்கல."

எட்டுப் பேரில் ஒருவர் சிரித்தார். சின்னசாமி மாமாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. சபையில் மானம் போகிறதே என்ற ஆத்திரத்தில் எழுந்து நின்றுவிட்டார். "அப்ப நான் பொய் சொல்றன்னு சொல்றீங்களா? டாக்டரே சீட்டு எழுதிக் குடுத்துட்டாரு. டாக்டரே மொதல் துண்ட துன்னு காட்டட்டும்!" என்று சொல்லி, வதக்கிய துண்டு ஒன்றை மந்தாரை இலையில் வைத்து என் முன்னால் நீட்டினார்.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். தின்ன மாட்டேன் என்றால் என் சான்றிதழ் பொய், டாக்டர் பட்டம் பொய், பெண்ணும் கை நழுவிப் போய்விடும். தின்றால் நானே போய்விடலாம். புத்தியுள்ளவன் இந்த இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பான் என்பது எனக்குத் தெரியும். நான் இலையைக் கையில் வாங்கினேன்.

"கீழ வைங்க" என்றாள் மரகதம்.

அப்பாவிடம் இல்லை. என்னிடம். நேராக என் கண்ணைப் பார்த்து. அவள் என்னோடு பேசிய முதல் வார்த்தை அதுதான். எந்த ஆணும் அந்த இடத்தில் கீழே வைத்திருப்பான். நான், "சீட்டு குடுத்தவன் நான், நானே சாப்பிடறேன்" என்று சொல்லிவிட்டு, துண்டை வாய்க்குக் கொண்டுபோனேன்.

பளாரென்று ஓர் அடி. இலை ஒரு பக்கம், கறி ஒரு பக்கம் பறந்தது. அடித்தவர் சின்னசாமி மாமா.

"வாணாம்பா! துன்னாத!" என்று கத்தினார். அப்படியே உட்கார்ந்து தலையில் கையை வைத்துக்கொண்டார். "நான் சுடவே இல்லபா. ஏரிக்கரையில படுத்துக்கினு இருந்துச்சு. தலைய தூக்க முடியாம மூச்சு வாங்கிக்கினு இருந்துச்சு. கத்தியதான் வெச்சேன். இவங்கல்லாம் வாயக் கட்டிக்கினு இருக்காங்களே, சுட்டேன்னு சொல்லி எடுத்துக்கினு போனா எவ்ளோ பெருமையா இருக்கும்னு... எங்க மரகதத்துக்குத் தாலி ஏறதுக்கு முன்னாலயே நான் பாவி..."

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனது நிறைகிறது. மரகதம் மாமாவை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. "கைய காட்டு மாமா, வெட்டுக்காயம் எதுனா இருக்குதா?" என்றுதான் முதலில் கேட்டாள். கறியைத் தொட்டவர்கள் எல்லாரையும் சோப்பு போட்டுக் கை கழுவ வைத்தாள். கத்தியும் வாணலியும் கொதிக்கிற தண்ணீரில் போயின. கோணிப்பை நெருப்புக்குப் போனது. ஒருவரைச் சைக்கிளில் டாக்டரைத் தேடி அனுப்பினாள், இரண்டு பேரைச் சுண்ணாம்புக்கு அனுப்பினாள். கறி படாத மசாலாவை அம்மாவிடம் சொல்லித் தனியே எடுத்து வைக்கச் செய்தாள். பத்தொன்பது வயது. அந்த அறிவிப்பில் இருந்த ஒவ்வொரு வரியையும் அவள் செய்து முடித்தாள். எழுதியவன் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. ஊருக்கு வெளியே பொட்டல் நிலத்தில் ஆள் உயரத்துக்குக் குழி தோண்டினேன். வெள்ளைப் பேண்ட் அன்றோடு சரி.

சாயங்காலம் டாக்டர் வந்து சேர்ந்தார். மாமாவின் கை விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கொப்புளம், காய்ச்சல் எது வந்தாலும் உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். (கடவுள் புண்ணியத்தில் எதுவும் வரவில்லை. மாமா அதன் பிறகு முப்பது வருஷம் இருந்தார், துப்பாக்கிப் பேச்சு மட்டும் குறைந்துவிட்டது.)

"நல்லா கொதிக்க வெச்சிருந்தா துன்னுருக்கலாமா சார்?" என்று எட்டுப் பேரில் ஒருவர் ஆசை விடாமல் கேட்டார்.

"என்ன நோய்னு எனக்கே இன்னும் தெரியலைங்க" என்றார் டாக்டர். "தெரியலைங்கறதுனாலதான் தொடாதீங்கன்னு சொல்றோம். சில நோய் அடுப்பு வரைக்கும் காத்திருக்காது. அறுக்கறவன் கையிலயே ஏறிடும்."

பிறகு என் சான்றிதழைப் படித்தார். இரண்டு தடவை படித்தார். "பூரண ஆரோக்கியமா?" என்றார். அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

டாக்டர் கிளம்பிப் போனார். ஏகாம்பரம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் அவர் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். "நான் டாக்டர் இல்லைங்க. உதவியாளர். மாட்டோட மூக்கணாங்கயிறு பிடிக்கறவன்." அந்த வார்த்தை என் வாயிலிருந்து வெளியே வந்தது அன்றைக்குத்தான்.

அவர் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் மகள் பக்கம் திரும்பி, "இன்னாம்மா பண்றது? பேச்ச இதோட முடிச்சுக்கலாமா? நீயே சொல்லு" என்றார்.

மரகதம் மறுபடியும் தறியருகே உட்கார்ந்து இழையை முறுக்கத் தொடங்கியிருந்தாள். எத்தனை இழை முறுக்கினாளோ, எனக்கு ஒரு யுகம் போனது.

"கையெழுத்து நல்லா இருக்குது நைனா" என்றாள். "படிக்கிறதுக்கு நான் இருக்கறேன்."

அன்று ராத்திரி எல்லாரும் மான் மசாலாவில் உருளைக்கிழங்கைப் போட்டுச் சாப்பிட்டோம். எங்கள் வீட்டில் இன்றைக்கும் அதற்குப் பெயர் மான் குழம்பு. ஒன்றரை மாதத்தில் கல்யாணம் நடந்தது. சொன்ன சொல் தவறாமல், ஐம்பது வருஷத்துக்கும் மேலாக அவள்தான் படிக்கிறாள், நான் கையெழுத்துப் போடுகிறேன். வீட்டுப் பத்திரம், பிள்ளைகளின் மார்க் ஷீட், ஆஸ்பத்திரிச் சீட்டு எதுவும் அவள் கண் படாமல் என் பேனாவுக்கு வராது. மீன் வாங்கும்போது மீன்காரம்மாவிடமும், மகளுக்கு வரன் பார்க்கும்போது தரகரிடமும் அவள் கேட்ட முதல் கேள்வி ஒன்றேதான்: "ஓடுதா, படுத்துக்கினு இருக்குதா?" தரகர் திகைத்துப் போனார்.

போன மார்கழியில் எனக்குக் கடுமையான காய்ச்சல். இரண்டு நாள் கண் திறக்கவில்லை. மகள் ஊரிலிருந்து ஓடி வந்து, கட்டில் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள். மூன்றாம் நாள் காலையில் கண் விழித்தேன். மரகதம் என் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள். தெர்மாமீட்டரை வைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள், நிறுத்தி நிதானமாக. அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு மகளிடம் திரும்பிச் சொன்னாள்:

"அழுவாதடி. மேற்படி மான் பூரண ஆரோக்கியத்துடன் இருக்கிறது."